பெர்முடா கிரீனுக்கு எப்போது துளை போடுவது?
சென்னை போன்ற சமவெளி கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா புல் கிரீனை (பந்தை உருட்டிக் குழியில் போடும், ஒட்ட வெட்டிய புல்தரை) மண்ணில் துளை போட்டுப் புதுப்பிக்க மே முதல் ஜூலை வரை தோதான காலம். புல் வேகமாக வளர்வதால் துளைகள் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டால் கை வைக்காதீர்கள். ஆறாத துளையில் பாசியும் பூஞ்சையும் புகுந்துவிடும்.

முந்தைய நாளே தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் துளை போடும் ஊசி இறங்காது. சேறாக இருந்தாலோ துளைச் சுவர் இறுகி வேலை வீணாகும். 12 மி.மீ. குழல் ஊசி (மண்ணை உருளையாக வெட்டி எடுக்கும்), 5 செ.மீ. இடைவெளி, 8 செ.மீ. ஆழம். வெளியே வரும் மண் உருளை ஒன்றைப் பிட்டுப் பாருங்கள்: மேலே பழுப்பாக, பஞ்சுபோல 12 மி.மீ.க்கு மேல் மக்கு (செத்த தண்டும் வேரும் சேர்ந்த அடுக்கு) இருந்தால், தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

உருளைகளை அள்ளிவிட்டு மணல் போடுங்கள். துளைகள் நிரம்ப சதுர மீட்டருக்குச் சுமார் 4 லிட்டர். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 2 கன மீட்டர். கழுவி உலர்த்திய, 0.25 முதல் 1 மி.மீ. மணல்தான் வேண்டும். கடல் மணல் ஆகவே ஆகாது, உப்பு. புல் காய்ந்திருக்கும்போது தூவி, பிரஷ்ஷால் தேய்த்து இறக்குங்கள்.

பிறகு சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா, கையோடு தண்ணீர். தாமதித்தால் இலை கருகும். ஒரு வாரம் வெட்டும் உயரத்தை 1–2 மி.மீ. ஏற்றிவையுங்கள். மணல் பிளேடை மழுக்கும்; அந்த வாரம் புல்வெட்டியில் பழைய ரீலே (சுழலும் வெட்டு உருளை) போதும்.