ஃபோர்ஹேண்ட் எறிய முதல் டிரைவர்: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

என் முதல் டிரைவர், அதாவது டிஸ்க் கோல்ஃபில் தூரமாக எறிவதற்கான தட்டு, இன்னமும் எங்கள் தோட்டத்து ஐந்தாம் நம்பர் மலையில் எங்கோ கிடக்கிறது. கனடாவிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா மகன் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது. கரும்பச்சை நிறம், ஸ்பீட் 12. ஃபோர்ஹேண்டில் முழுப் பலத்தோடு ஒரே எறி. கிளம்பிய வேகத்தைப் பார்த்து எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். பாதி மைதானம்கூடப் போகவில்லை. வலப்பக்கம் வெட்டித் திரும்பி, கானைத் தாண்டி, தேயிலைச் செடிக்குள் இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் தேடினோம். கிடைத்தது காலில் ஒட்டிய நாலு அட்டைதான்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் டிஸ்க் என்ற தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவர் வென்றார். எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் 1976இல் இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்; இன்றும் உலகம் முழுக்க அந்தச் சங்கத்தின் விதிகள்தான். எங்களுக்குக் கூடை, கம்பில் கட்டிய ஒரு பழைய கொழுந்துக் கூடை. சங்கிலிச் சத்தம் கேட்காது, மற்றபடி குறையில்லை.

படி 1: வாங்குமுன் கையைத் திருத்துங்கள்

ஆற்றில் தட்டையான கல்லைத் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகிற மாதிரி எறிந்திருப்பீர்கள். ஃபோர்ஹேண்ட் அதே வீச்சுதான். பாயிண்டில் நிற்பவர் பந்தைக் குனிந்து எடுத்த கையோடு பக்கவாட்டில் ஸ்டம்புக்கு எறிவாரே, அதுவும் இதற்கு நெருங்கிய சொந்தம். அதனால்தான் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு பேக்ஹேண்டைவிட (கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து எறிவது) ஃபோர்ஹேண்ட் சீக்கிரம் பிடிபடுகிறது.

சிக்கலும் அங்கேதான். பந்தை எறிந்து பழகிய கை, கடைசியில் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துவிடும். பந்துக்கு அது பரவாயில்லை. டிஸ்க் என்றால் கை கவிழ்ந்த அதே பக்கம் அதுவும் சாய்ந்து, வலக்கைக்காரருக்கு இடப்பக்கமாகப் புரண்டு தரையில் குத்தும். உள்ளங்கை கடைசிவரை வானத்தைப் பார்க்கட்டும். முழங்கை இடுப்பை விட்டு அதிகம் விலகாமல் இருக்கட்டும். பலம் தோளிலிருந்து அல்ல, மணிக்கட்டின் சுண்டலிலிருந்து வரவேண்டும்.

பிடி இப்படி: ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து டிஸ்க்கின் அடியில் வையுங்கள். நடுவிரலின் சதை விளிம்பின் உட்சுவரில் நன்றாக அழுந்த வேண்டும், சுண்டும்போது டிஸ்க் அந்த விரலை உரசிக்கொண்டுதான் கிளம்பும். கட்டைவிரல் மேலே. மற்ற இரண்டும் மடங்கி, விளிம்புக்கு வெளியே சும்மா இருக்கும். ஒரு வாரம் எறிந்தால் நடுவிரலின் பக்கத்தில் தோல் சிவக்கும். சிவந்தால் பிடி சரி.

படி 2: நான்கு எண்களைப் படியுங்கள்

பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு நான்கு எண்கள் சொல்வார்கள்: ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். கிளைட் என்பது எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம். மற்ற மூன்றும் முக்கியம்.

ஸ்பீட் என்றால் அந்த டிஸ்க் வேகமாகப் போகும் என்பதல்ல, நீங்கள் அதை அவ்வளவு வேகமாக எறிந்தால்தான் அது ஒழுங்காகப் பறக்கும் என்பது. இதைத்தான் நான் தலைகீழாகப் புரிந்துகொண்டு 12ஐ எறிந்தேன். எண் கூடக்கூட விளிம்பு அகலமாகும், பிடிப்பதும் கஷ்டம்.

டர்ன், ஃபேட் இரண்டையும் பம்பரத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வேகமாகச் சுற்றும் பொருளைக் காற்று ஒரு பக்கம் தள்ளினால், அது நேரே அந்தப் பக்கம் சாயாது, குறுக்கே சாயும். வேகம் இருக்கும்போது ஒரு பக்கம் சாய்வது டர்ன். வேகம் குறைந்து விழப்போகும்போது மறுபக்கம் சாய்வது ஃபேட். வலக்கை ஃபோர்ஹேண்டில் டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். ஆகவே டர்ன் இடப்பக்கம், ஃபேட் வலப்பக்கம். இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளுங்கள். டர்ன் எண் -1, -2 என்று கீழே போகப்போக டிஸ்க் எளிதில் புரளும்; அதை அண்டர்ஸ்டேபிள் என்பார்கள். ஃபேட் 3, 4 என்று இருந்து டர்ன் 0 என்றால் ஓவர்ஸ்டேபிள். எவ்வளவு முறுக்கினாலும் புரளாமல் கடைசியில் வலப்பக்கம் வெட்டி இறங்கும்.

படி 3: ஸ்பீட் 7, டர்ன் 0, ஃபேட் 2

யாரைக் கேட்டாலும் “ஃபோர்ஹேண்டுக்கு ஓவர்ஸ்டேபிள் வாங்கு” என்பார்கள். இன்னோவா நிறுவனத்தின் ஃபயர்பேர்டைக் கையில் கொடுப்பார்கள்: 9, 3, 0, 4. அருமையான டிஸ்க், ஒன்று என்னிடமும் இருக்கிறது. அந்த ஆலோசனையில் நியாயமும் உண்டு. ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டு கொஞ்சம் பிசகினாலும் டிஸ்க் தலையாட்டிக்கொண்டே கிளம்பும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் அந்தத் தலையாட்டலைத் தாங்கும்.

தாங்குவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். கை கவிழ்ந்தாலும் ஃபயர்பேர்ட் மெல்ல நிமிர்ந்து, வலப்பக்கம் இறங்கி, எல்லாம் சரி என்பதுபோல நடிக்கும். ஆறு மாதம் எறிந்தும் தப்பு தெரியாது. புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டியது உண்மையைச் சொல்கிற டிஸ்க். நான் சொல்வது இன்னோவா டீபேர்ட், 7, 5, 0, 2, அல்லது அதே எண்ணுக்குக் கிட்டத்தட்ட வரும் வேறெந்த நிறுவனத்து டிஸ்க்கும். ஒழுங்காக எறிந்தால் நேராகப் போய்க் கடைசியில் லேசாக வலப்பக்கம் சாயும். கை கவிழ்ந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. இலங்கை மலையகத்து நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் டிஸ்க் புரளுவது குறைந்து, ஃபேட் சீக்கிரம் வரும். ஆக, எண்ணில் 2 என்று போட்டிருப்பது நமக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நடந்துகொள்ளும். ஃபேட் 4 உள்ள டிஸ்க் நுவரெலியாவில் மெதுவான கையில் கல்லாய் விழும். அங்கே சும்மாவே டிஸ்க் ஓவர்ஸ்டேபிள் பக்கம் சாயும்போது, அதற்கும் காசு கொடுக்க வேண்டுமா?

கை மிக மென்மையானவர்கள், சின்னப் பிள்ளைகள், லெப்பர்ட் மாதிரி 6, 5, -2, 1 எறிந்து பார்க்கலாம். டிரைவரே வேண்டாம், மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தூரத்துக்கான டிஸ்க்) போதும் என்று யாராவது சொன்னால் சண்டை போடமாட்டேன்.

படி 4: எடை, பிளாஸ்டிக், நிறம்

டிஸ்க்கின் விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. டிரைவர் சுமார் 21 சென்டிமீட்டர் என்பதால்தான் 175 கிராமில் நிற்கிறது. பெரியவர்களுக்கு 165 முதல் 175 வரை. 150க்குப் பக்கத்தில் உள்ளதைக் காற்று தூக்கிக்கொண்டு போகும்.

மலிவான பிளாஸ்டிக் கையில் நன்றாக ஒட்டும். ஆனால் கல்லிலும் கவ்வாத்து வெட்டிய செடியிலும் அடிபட்டு அடிபட்டுச் சில மாதத்தில் எண்கள் மாறி, புரள ஆரம்பிக்கும். விலை கூடியது நீடிக்கும். அதில் கண்ணாடி போல வழுவழுப்பானதை விட்டு, ரப்பர் போல மெத்தென்று இருப்பதை எடுங்கள். மழைத்தூறலில் வித்தியாசம் தெரியும். ஒரு பழைய சாரத் துண்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு எறிக்கும் முன் விளிம்பைத் துடைக்க.

நிறம்: ரோஸ் அல்லது ஓரேஞ்ச். பச்சை வேண்டவே வேண்டாம். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

படி 5: மைதானத்தில் சோதனை

காற்றில்லாத காலை நேரம், பனிமூட்டம் இறங்குமுன். வேலை நடக்கிற மலையை நோக்கி எறியாதீர்கள். கொழுந்து எடுப்பவர்கள் குனிந்து நிற்கும்போது கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். நில்லுங்கள், ஓடிவர வேண்டாம். பாதிப் பலத்தில் பத்து எறி.

பக்கத்தில் ஒருவரை நிறுத்தி டிஸ்க் கிளம்பும் நொடியைப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு ஒரு கோடு போலத் தெரிந்தால் சுத்தமான எறி. பூசினாற்போல் மங்கலாகத் தெரிந்தால் தலையாடுகிறது. பலத்தைக் குறைத்து, சுண்டலைக் கூட்டுங்கள். இடப்பக்கம் புரண்டு திரும்பாமலே போனால் கை கவிழ்கிறது. கிளம்பிய உடனே வலப்பக்கம் வெட்டினால், டிஸ்க் உங்கள் வேகத்துக்கு அதிகம், அல்லது டிஸ்க்கின் மூக்கு (முன் விளிம்பு) மேலே தூக்கியிருக்கிறது. மேட்டை நோக்கி எறியும்போது இந்த இரண்டாவது தப்பு எல்லோருக்கும் வரும். பள்ளத்தை நோக்கி எறிந்தால் டிஸ்க் அதிக நேரம் காற்றில் இருக்கும், ஃபேட் முழுவதும் வெளிவரும். இலக்குக்கு இன்னும் இடப்பக்கமாகக் குறிபாருங்கள்.

எதிர்க்காற்று டிஸ்க்கைப் புரட்டும், பின்காற்று சீக்கிரம் இறக்கும். ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளைப் பக்கம் வறண்ட காற்று அடிக்கிற நாட்களில்தான் ஃபயர்பேர்டுக்கு வேலை. பத்தில் ஏழு எறி சுத்தமாக வரும்போது அதை இரண்டாவதாக வாங்குங்கள். ஸ்பீட் 12 அதற்கும் அப்புறம்.

அப்புறம், டிஸ்க்கின் அடியில் அழியாத மார்க்கரால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். கொழுந்து எடுக்கும் அக்காமார் கண்டெடுத்து இரண்டு டிஸ்க் எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பச்சையில் நம்பர் எழுதவில்லை. ஐந்தாம் நம்பர் மலைக்கு அடுத்த வருஷம் கவ்வாத்தாம். பார்ப்போம்.