கட்டட விளக்கப்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடத்தை மேலிருந்து பார்த்தபடி காட்டும் பிளான், செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன் போன்ற வரைபடங்களுக்கு அளவு உண்டு. சுவர் எங்கே, கதவு எங்கே என்று அவை கட்டளையிடும். விளக்கப்படத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. அறைகளுக்கு இடையிலான உறவு, வெயில், காற்று, நடமாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பிரித்தெடுத்துக் காட்டுவதே அதன் வேலை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அறைகளை வட்டங்களாக வரைந்து கோடுகளால் இணைக்கும் குமிழிப் படத்தை எடுத்துக்கொள்வோம். வட்டங்களைச் சதுரமாக்கி அப்படியே சுவர் எழுப்பினால், பெயருள்ள அறைகள் மட்டுமே தப்பிப் பிழைக்கும். புதுச்சேரியின் தமிழர் பகுதிப் பழைய வீடுகளில் தெருவைப் பார்த்த தாழ்வாரமும் திண்ணையும் அறையும் அல்ல, வெறும் வழியும் அல்ல. வழிப்போக்கர் இளைப்பாறவும் அண்டைவீட்டார் பேசிக்கொண்டிருக்கவும் உரிய இடங்கள். குமிழிப் படத்தில் அவை இரு வட்டங்களுக்கு நடுவே ஒரு கோடாகச் சுருங்குகின்றன. கட்டி முடித்த வீட்டில் அந்தக் கோடு நாலடி நடையாக நிற்கிறது. வட்டம் போடும்போதே இத்தகைய இடைவெளிகளுக்கும் பெயர் எழுதிவிடுவது நல்லது.

இதைவிடக் கேடானது, வெயில் படத்தை ஐரோப்பியப் பாடநூலிலிருந்து பெயர்த்தெடுப்பது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். ஆகவே தெற்குச் சன்னலுக்கு மட்டும் மறைப்பு வரைந்திருப்பார்கள். புதுச்சேரியோ ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் பிற்பகுதியில் தலைக்கு நேர்மேலே வரும் நண்பகல் சூரியன், அதன்பின் வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் பிற்பகுதியில்தான் மறுபடியும் தெற்கே திரும்புகிறது. அக்னி நட்சத்திரம் முழுவதும் இந்தக் காலத்துக்குள் அடங்கிவிடும். ஜூன் பிற்பகுதியில் வடக்கிலிருந்து சுமார் 78 பாகை உயரத்திலும், டிசம்பர் பிற்பகுதியில் தெற்கிலிருந்து சுமார் 55 பாகை உயரத்திலும் நண்பகல் வெயில் விழுவதால், ஒரே செக்‌ஷன் மீது இரண்டு கதிர்களை வரையாத படம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 1930-களில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் புதுச்சேரியில் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருக்க, இருபுறமும் திருப்பத்தக்க கிடைமட்டப் பலகைகள் அமைந்திருப்பதை இந்தக் கணக்கோடு பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும். மேற்கு வெயிலுக்குத் தனிப்படம் வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் வரைபவர்கள் குறைவு.

காற்றைப் பொறுத்தவரை, கிழக்குச் சன்னல் வழியே கடற்காற்று நுழைவதாக அம்புக்குறி இட்டவர், அது வெளியேறும் திறப்பையும் காட்ட வேண்டும். வெளியேற வழியில்லாத அறைக்குள் அம்பு மட்டுமே நுழையும்.

கடைசியாக, ஒரே படத்தை எல்லோரிடமும் நீட்டுவது. வீட்டுக்காரருக்காக நீல நிறத்தில் காற்றோட்டம் வரைந்திருந்த தாளை ஒருமுறை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணிக் குழாயை ஏங்க சன்னல் வழியா உள்ள கொண்டுவரணும்?” என்று கேட்டார். நிறங்களுக்கான குறிப்பை நான் அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.