மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதுவது எப்படி?

முதன்முறையாக ஆய்வுச் சுருக்கம் எழுதும் செவிலியரும் மருத்துவரும் பின்னணியில் தொடங்கி, கிடைத்த 250 சொற்களில் பாதியை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, நீரிழிவு பெருகிவருகிறது என்பது சுருக்கங்களைத் தேர்வு செய்யும் மதிப்பீட்டாளர் அறிந்த செய்தி. நீங்கள் என்ன கண்டீர்கள் என்பதே அவர் தேடுவது. ஆகவே எழுதும் வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: மாநாட்டு அறிவிப்பை முழுமையாகப் படியுங்கள். சில மாநாடுகள் சொற்களை எண்ணும், சில எழுத்துகளை எண்ணும். அட்டவணைக்கு இடம் உண்டா என்பதும் அதிலேயே இருக்கும்.

படி 2: கண்டறிந்தவற்றை முதலில் எழுதுங்கள். கற்பனையாக ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம்: செவிலியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கு முன்பு 120 நீரிழிவு நோயாளிகளின் பதிவேடுகளையும், பின்பு வேறு 120 பேரின் பதிவேடுகளையும் பார்த்தீர்கள். “பாதப் பரிசோதனை கணிசமாக உயர்ந்தது” என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. “120 பேரில் 42 பேருக்கு (35%) நடந்த பரிசோதனை, பயிற்சிக்குப் பின் 120 பேரில் 84 பேருக்கு (70%) நடந்தது, வேறுபாடு 35 சதவீதப் புள்ளிகள், 95% நம்பிக்கை இடைவெளி 23 முதல் 47 வரை” என்று எழுதுங்கள். நம்பிக்கை இடைவெளி, உண்மையான வேறுபாடு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டுகிறது. வேறுபாடே இல்லை என்று கொண்டால் இத்தகைய தரவு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்லும் பி மதிப்பு இதற்கு ஈடாகாது. “முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்” என்ற வாக்கியத்தை மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

படி 3: ஆய்வு வகை, இடம், காலம், பங்கேற்றோர், முதன்மை அளவீடு (நீங்கள் முக்கியமாக அளந்தது) ஆகியவற்றை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லுங்கள். பங்கேற்றோரைச் சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரித்த மருந்து அல்லது சிகிச்சைப் பரிசோதனை என்றால், அத்தகைய ஆய்வுகளை எழுதும் நெறிகளை வகுக்கும் கன்சார்ட் (CONSORT) குழு 2008-இல் சுருக்கங்களுக்கென வெளியிட்ட பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அது பரிசோதனையின் பதிவு எண்ணையும் கேட்கிறது.

படி 4: முடிவுரை. தமிழில் கண்டறிந்ததையும் அதிலிருந்து கொள்ளும் கருத்தையும் ‘முடிவு’ என்றே சொல்லிப் பழகியதால், பலர் எண்களையே இங்கே திருப்பி எழுதிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய பிழை ஒரு வேற்றுமை உருபில் ஒளிந்திருக்கிறது: அதே காலத்தில் பயிற்சி தரப்படாத ஒப்பீட்டுக் குழு இல்லாத மேற்கண்ட ஆய்வில் “பயிற்சிக்குப் பின் உயர்ந்தது” என்று சொல்லலாம், “பயிற்சியால் உயர்ந்தது” என்று சொல்ல இயலாது.

படி 5: இப்போது பின்னணிக்கு வாருங்கள். இதுவரை தெரியாதிருந்தது எது, அதற்காக நீங்கள் எதைத் தேடினீர்கள் என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். தலைப்பைக் கடைசியாக வையுங்கள்.

படி 6: இணை ஆசிரியர் அனைவரின் ஒப்புதலையும் பெறுங்கள். பின்னர் வேறு துறைச் சக ஊழியர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, என்ன கண்டறியப்பட்டது என்று கேளுங்கள். அவர் தயங்கினால் படி 2-க்குத் திரும்புங்கள்.