பென் வேர் முகடு: இரண்டு கடல் லோக்குகளுக்கு மேலே ஒரு நாள் நடை

லோக் என்றதும் ஏரி என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கடலே நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் இடங்களுக்கும் அதே பெயர்தான். உப்புத் தண்ணீர், ஏற்றவற்றம் எல்லாம் உண்டு. லோக் லீவன், லோக் லின்னி என்ற அப்படிப்பட்ட இரண்டும் சேரும் மூலையில், பாலஹூலிஷ் ஊருக்கு நேர் மேலே நிற்கிறது பென் வேர் மலை. 1024 மீட்டர் ஸ்கோர் யெரக், 1001 மீட்டர் ஸ்கோர் கோனில் என்று அதற்கு இரண்டு சிகரங்கள். இரண்டுமே 3000 அடியைத் தாண்டுவதால், ஸ்காட்லாந்தின் அந்த உயர மலைகளைத் தொகுத்த மன்ரோ பட்டியலில் இருக்கின்றன.

1024 என்ற எண் சிறியதாகத் தெரியலாம். ஆனால் நடை தொடங்குவதே கடல் மட்டத்தில். இடையில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் மொத்த ஏற்றம் சுமார் 1300 மீட்டர், தூரம் சுமார் 15 கி.மீ. நேரத்தைக் கணக்கிட 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி ஐந்தேகால் மணி நேரம் வருகிறது. அது நிற்காமல் நடப்பவர்களின் கணக்கு. சாப்பாடு, வழி பார்த்தல், வழுக்கும் கல் எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும்; டிசம்பரில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பனிக்காலத்தில் ஐஸ் கோடரியும், பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்ளான கிராம்பானும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குறிப்பு கோடை நடைக்கு மட்டும்.

பையில் ரெயின் ஜாக்கெட், ரெயின் பேன்ட், ஒரு கனத்த ஸ்வெட்டர், ஜூலையானாலும் தொப்பி, கையுறை. ஹெட் டார்ச், விசில், ஆர்ட்னன்ஸ் சர்வே லேண்ட்ரேஞ்சர் 41-ஆம் எண் வரைபடம், திசைகாட்டி. முகட்டில் தண்ணீர் கிடைக்காது. இரண்டு லிட்டர் கீழிருந்தே எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் மலைக்கென்று தனியாக வரும் வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஊரில் இளங்காற்று வீசும் நாளில் மேலே நிற்கவே முடியாமல் போகலாம்.

பாலஹூலிஷ் கார் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் நடந்து, தொடக்கப்பள்ளியைத் தாண்டி, லாரோக் ஆற்றின் மேற்குக் கரையோரம் தெற்கே போகும் பாதையைப் பிடியுங்கள். பள்ளியை ஒட்டியே மேலேறும் வடகிழக்கு முகட்டில் கையூன்றி ஏற வேண்டிய பாறைகள் உண்டு. ஈரத்தில் அது மோசமான வழி. பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய், வலப்பக்கம் ஹெதர் புதர் வழியாகக் கிழக்கு முகட்டில் ஏறுவதே நல்லது. 947 மீட்டர் ஸ்கோர் வான் என்ற துணைச் சிகரம் வரை மூச்சு வாங்கும் ஏற்றம்தான்.

வழியில் காலடியைக் கவனியுங்கள். ஸ்லேட் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். கீழே ஊரில் 1955 வரை வெட்டி எடுத்தது இந்தக் கல்லைத்தான். விளிம்பில் மிதித்தால் அடித்தட்டோடு சேர்ந்து சறுக்கும். நடுவில், முழுப் பாதத்தையும் வைத்து மிதியுங்கள். மேலே போகப்போக குவார்ட்சைட் என்ற இளஞ்சிவப்புக் கடினக் கல் வரும்; ஸ்கோர் யெரக் என்றால் செஞ்சிகரம். மழை பட்டால் இதன் வழவழப்பான முகத்தில் பூட்ஸ் நிற்காது.

ஸ்கோர் வானிலிருந்து ஸ்கோர் யெரக் வரை வில்போல் வளையும் ஒடுங்கிய முகடு. இந்த நடையின் உயிரே இதுதான், அவசரப்படாதீர்கள். மேற்கே லோக் லின்னியும் அதற்கப்பால் ஆர்ட்கவர் மலைகளும், வடகிழக்கே பென் நெவிஸும் தெரியும். காலடியில் லோக் லீவனின் வாய்க்குக் குறுக்கே 1975-இல் திறந்த பாலம் நூலாகக் கிடக்கும்.

மேகம் இல்லாவிட்டாலும் ஸ்கோர் யெரக் சிகரத்தில் திசை எடுத்து வையுங்கள். திசைகாட்டியின் ஓரத்தை வரைபடத்தில் சிகரத்திலிருந்து, இரண்டு சிகரங்களுக்கும் இடையிலுள்ள 757 மீட்டர் கணவாய்க்கு வையுங்கள். திசைகாட்டியின் சுழலும் வட்டை, அதன் உள்ளே இருக்கும் கோடுகள் வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு ஒத்துப்போகும்வரை திருப்புங்கள். வட்டின் வடக்குக் குறி வரைபடத்தின் மேல்பக்கம் பார்க்க வேண்டும். பிறகு சிவப்பு முள் அந்தக் குறிக்குள் விழும்வரை உடம்போடு திரும்பினால் முன்னால் இருப்பதுதான் வழி. தோராயமாக மேற்கு-தென்மேற்கு வர வேண்டும். நேர் எதிர்ப்பக்கம் காட்டினால் திசைகாட்டியைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்.

கணவாயிலிருந்து ஸ்கோர் கோனில் 244 மீட்டர் ஏற்றம். உச்சிக்கு முன் முகடு ஒடுங்கும், ஓரிரு இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். வடபக்கம் செங்குத்துப் பள்ளம். விளிம்பை விட்டுத் தள்ளியே நடங்கள்.

இந்த மலையில் ஆட்கள் மாட்டிக்கொள்வது ஏறும்போதல்ல, இங்கிருந்து இறங்கும்போது. கீழே காடும் சாலையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரிவதால் நேராக வடக்கே இறங்கிவிடலாம் என்று தோன்றும். அது பாறைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்தும். வந்த வழியே கிழக்கில் திரும்பி, அதே கணவாய்க்கு வந்து, அங்கிருந்து வடக்கே இறங்குங்கள். சேறும் வழுக்கலுமான பாதை, ஆனால் சரியான பாதை. நட்டு வளர்த்த காட்டுக்குள் வந்ததும் குறுக்கு வழி தேட வேண்டாம். மரங்கள் நெருங்கி நிற்கும், பாதி தூரத்தில் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. வனச்சாலையைப் பிடித்துத் தெற்கு பாலஹூலிஷுக்கு இறங்கி, அங்கிருந்து சுமார் 3 கி.மீ. கிழக்கே நடந்தால் கார்.

யாருக்காவது அடிபட்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேளுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் விசிலை ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள்.

காற்று நின்ற சாயங்காலத்தில் மரங்களுக்கடியில் மிட்ஜ் என்ற, கொசு போலக் கடிக்கும் பொடிப் பூச்சி மொய்க்கும். தலையை மூடும் வலை ஒன்று பையில் இருக்கட்டும். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி கடித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் நசுக்காமல், உண்ணி கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடுங்கள். அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.