போல்ட் இணைப்பின் உள்முகத்தில் பெயிண்ட் வேண்டாம்

ஒரு ஷெட்டில் கிரேன் நின்று கிளம்பும்போதெல்லாம் பிரேசிங் (ஷெட் ஆடாமல் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள்) பக்கமிருந்து 'டக்' என்று சத்தம் வந்தது. இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டும் உள்முகம் முழுக்க ரெட் லெட் (ஈய ஆக்சைடு) பிரைமர். அதில் பளபளவென்று இழுபட்ட கோடுகள், 2 மி.மீ. நீளம். 22 மி.மீ. துளையில் 20 மி.மீ. போல்ட்டுக்கு இருந்த இடைவெளியும் அதேதான். அதாவது தகடுகள் அந்த இடைவெளி அளவுக்கு வழுக்கியிருக்கின்றன.

எச்.எஸ்.எஃப்.ஜி. போல்ட் (உராய்வால் பிடிக்கும் உயர் வலிமை போல்ட்) தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது. சுமையைத் தாங்குவது அந்த முகங்களின் உராய்வு. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800:2007-இன் அட்டவணைப்படி, பிளாஸ்ட் செய்து (எஃகுத் துகளை வேகமாக வீசி அடித்து) துரு நீக்கிய முகத்துக்கு உராய்வுக் கெழு 0.50. சுத்தமான மில் ஸ்கேலுக்கு (ஆலையில் எஃகை உருட்டும்போது படியும் ஆக்சைடு படலம்) 0.33. ரெட் லெட் பூசினால் வெறும் 0.10. சாதாரணத் துளையில் ஒரு எம்20, 8.8 போல்ட் (20 மி.மீ. விட்டம், 8.8 வலிமைத் தரம்) ஒரு முகத்தில் 55 கிலோ நியூட்டன் வரை நகராமல் நிற்க வேண்டியது, 11-லேயே வழுக்கிவிடும். பிளாஸ்ட் செய்து கால்வனைஸ் போட்டாலும் அதே 0.10தான்.

அதனால் நான் செய்யும் முறை இது. துளை போட்டதும் பிசிறை லேசாக எடுத்துவிடுங்கள். பிசிறு இருந்தால் தகடுகள் ஒட்டி உட்காராது. பிளாஸ்டிங்குக்கு முன்பே டிரில் எண்ணெயைத் துடைத்து எடுங்கள். பிறகு செய்தால் எண்ணெய் ஏற்கெனவே சொரசொரப்புக்குள் இறங்கியிருக்கும். பிளாஸ்ட் முடிந்ததும் ஸ்பிளைஸ் பிளேட்டை (இரண்டு துண்டுகளை இணைக்கும் தகடு) வைத்து வரைந்து, அந்த இடம் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஸ்பிளைஸ் பிளேட்டின் உள்பக்கத்தையும் மறக்க வேண்டாம், பெயிண்டர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அதைத்தான். பிரைமர் கட்டாயம் என்றால் டிசைனரிடம் கேட்டு எத்தில் ஜிங்க் சிலிகேட் போடுங்கள், அதற்கு 0.30 கிடைக்கும், ஆனால் கணக்கும் அதை வைத்தே போட்டிருக்க வேண்டும்.

சைட்டுக்குப் போவதற்குள் மெல்லிய பழுப்புத் துரு படிந்தால் பயப்பட வேண்டாம். மணல் பிளாஸ்ட் முகத்துக்கு 0.48, லேசாகத் துருப்பிடித்த பின் 0.52. உதிரும் துருவை மட்டும் கையால் கம்பி பிரஷ் போட்டு எடுங்கள். கிரைண்டரில் வயர் வீல் மாட்டித் தேய்த்தால் சொரசொரப்பு மழுங்கி முகம் கண்ணாடியாகிவிடும். அவசரத்தில் பலரும் செய்வது அதுதான், பார்க்கவே மனசு பதறும்.

சரி, தகடுகளைச் சேர்த்து, நடு போல்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். முழு இறுக்கம் வந்த பிறகு ஓரத்தைச் சுற்றிலும் பெயிண்ட் அடியுங்கள். உள்ளே தண்ணீர் போகாது.