ஈ. கோலியில் புரதம் வரவில்லையா? ஐபிடிஜி-யைக் குறை சொல்லும் முன்…

ஈ. கோலி பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலினை 1978-லேயே உருவாக்கிவிட்டார்கள். 1982-ல் அது மருந்தாக அனுமதியும் பெற்றது. இன்று இப்படிப் புரதம் தயாரிப்பது உயிர்வேதியியல் ஆய்வகங்களின் அன்றாட வேலை. ஆனாலும் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் எதிர்பார்த்த பட்டை தெரியாமல் போவது சகஜம். உடனே, புரத உற்பத்தியைத் தூண்டும் வேதிப்பொருளான ஐபிடிஜி-யின் அளவைக் கூட்டிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய படிகளில்தான் இருக்கும்.

முதலில் பாக்டீரியா ரகம். வேண்டிய மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ-வான பிளாஸ்மிடைப் பெருக்க டிஎச்5ஆல்ஃபா ரகம் நல்லது. ஆனால் டி7 புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதி) உள்ள பிளாஸ்மிடை அதிலேயே வைத்து ஐபிடிஜி ஊற்றினால் ஒன்றும் நடக்காது. அந்தப் புரோமோட்டரைப் படிக்கும் டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதி அதில் கிடையாது. பிஎல்21(டிஇ3) வேண்டும். அந்த நொதியின் மரபணுவைத் தருவது ‘டிஇ3’ பகுதிதான். வெறும் பிஎல்21 போதாது.

அடிக்கடி ஏமாற்றுவது ஆம்பிசிலின்: பிளாஸ்மிட் உள்ள செல்கள் மட்டும் பிழைக்க ஊடகத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக் மருந்து. பிளாஸ்மிட் உள்ள செல்கள் பீட்டா-லாக்டமேஸ் நொதியை வெளியே விட்டு, சுற்றியுள்ள மருந்தைச் சிதைத்துவிடும். செல்களைப் பரப்பிய அகர் தட்டை 16–18 மணி நேரத்துக்கு மேல் இன்குபேட்டரில் விட்டால், பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குட்டிக் காலனிகள் முளைக்கும். அவற்றில் பிளாஸ்மிட் இருக்காது, தொடாதீர்கள். திரவ ஊடகத்தில் இரவு முழுக்க வளர்த்த கல்ச்சரிலும் இதே கதைதான்: நொதி ஊடகத்தில் சேர்ந்துவிடும், அதை அப்படியே புதுக் குடுவையில் ஊற்றினால் நொதியும் கூடவே போகும். பிளாஸ்மிடைத் தொலைத்த செல்கள் சுமையில்லாமல் வேகமாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடும். செல்களை சென்ட்ரிபியூஜில் படியவைத்து, மேல்நீரைக் கொட்டிவிட்டுப் புது ஊடகத்தில் கலக்கிச் சேர்ப்பதே தீர்வு. மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. மேலும் நிலையான கார்பெனிசிலினுக்கு மாறினால் இன்னும் நிம்மதி. அகர் 50–55 டிகிரிக்கு ஆறும் முன் மருந்தைக் கலக்கவே கூடாது.

சந்தேகமா? ஐபிடிஜி சேர்ப்பதற்குச் சற்று முன் கல்ச்சரை நீர்க்கச் செய்து, மருந்துள்ள தட்டிலும் மருந்தில்லாத தட்டிலும் ஒரே அளவு பரப்புங்கள். மருந்துள்ள தட்டில் காலனிகள் வெகுவாகக் குறைந்தால், பிளாஸ்மிட் ஏற்கெனவே கைநழுவிப் போயிருக்கிறது.

ஒரு லிட்டர் குடுவையில் 200 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். காற்று போதாவிட்டால் அசிட்டேட் சேர்ந்து வளர்ச்சி மந்தமாகும். செல் அடர்த்தியைக் காட்டும் ஒளி அளவீடான ஓடி600 சுமார் 0.6 வரும்போது ஐபிடிஜி சேர்க்கலாம். அளவீட்டில் பூஜ்ஜியம் வைக்கும் பிளாங்க்குக்குத் தண்ணீர் வேண்டாம், அதே ஊடகத்தை வையுங்கள்.

பல நேரம் புரதம் உருவாகியே இருக்கும். சரியாக மடியாமல் திரண்டு, செல்லை உடைத்தபின் அடிப்படிவோடு போயிருக்கும். மேல்நீரை மட்டும் ஜெல்லில் ஓட்டிவிட்டு ‘வரவில்லை’ என்று முடிவுகட்டுவது தவறு. அடிப்படிவையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். பட்டை அங்கே தெரிந்தால் அடுத்த முறை 18 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்து, ஐபிடிஜி-யை 0.1–0.2 மில்லிமோலாருக்குக் குறையுங்கள். ஷேக்கரின் வெப்பநிலையைக் குறைத்த உடனே குடுவை குளிர்ந்துவிடாது. ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, பிறகு ஐபிடிஜி சேர்ப்பதே சரி.

புரதம் வேலைசெய்ய மனித செல்லில் போலச் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியாக வேண்டுமென்றால் வெப்பநிலையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. வழக்கமான ஈ. கோலி ரகங்கள் அதைச் செய்யாது. பாலூட்டிச் செல்களுக்குப் போய்விடுங்கள்.