தூண்டில் செலவுக்குத் தனி டப்பா

மும்பையில் தூண்டில் போடும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. மீனை விற்றே பிழைத்துக்கொள்ளலாம் என்று வேலையை விட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிறு கூடை நிறையும், அடுத்த ஞாயிறு வெறுங்கை. அதைவிட, தூண்டில் செலவுக்காவது கூலி கிடைக்க, தூண்டில் நூல் சுற்றும் ரீலைப் பராமரிக்கப் பழகுங்கள். கடலுக்குப் போய் வந்த ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, துடைத்து, நிழலில் உலர்த்தி, கைப்பிடி மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். குழாயை வேகமாகத் திறந்தால் உப்பு உள்ளே இறங்கிவிடும்!

ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்குத் தடை. மழைக்கால அலையில் பாறைப் பக்கம் நாமும் போகக் கூடாது. அந்த நாட்களில் மும்பை சயான் பகுதியில் உள்ள என் வீட்டில் உட்கார்ந்து நண்பர்களின் ரீல்களைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன். கூலி தனி டப்பாவுக்குப் போகிறது. தங்கூசி (நைலான் நூல்), முள், ஈயக்குண்டு எல்லாம் அந்தப் பணத்தில்தான், சம்பளத்தைத் தொடுவதில்லை.